நான் படித்துக் காட்டிய நோட்டீஸ்



பதிவு நீளமாகப் போய்விட்டது. மூன்று நாளாகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தட்டச்சு செய்தேன். பேத்தி உட்கார்ந்து பிழை பார்த்துக் கொடுத்தாள். பொறுமை உள்ளவர்கள் ஒரே மூச்சில் படியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற 2025 ஜூலை 8ஆம் தேதி காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகளை இழந்தோம். அந்தப் பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பெற்றவர்கள் கண்ணில் இந்தப் பதிவு படலாம். அன்று சாயங்காலம் துபாயிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், நம்ம ஊரு டிவியில வருது சார். இங்க யாருக்கும் செம்மங்குப்பம்னா எங்கன்னு தெரியல. சிப்காட்னு சொன்னாத்தான் தெரியுது" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவனே கேட்டான்: "சிப்காட்டுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல என்ன சார் இருந்துச்சு?"

அவனுக்கு வயது முப்பத்தைந்து. அவன் பிறக்கும்போதே புகைபோக்கிகள் நின்றுவிட்டன. மூன்றாம் வகுப்பில் அவனுக்கு மாவட்டப் படம் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். கெடிலம், பரவனாறு, உப்பனாறு, பெருமாள் ஏரி எல்லாம் வரையச் சொன்னேன். அந்தப் படத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் கேள்விக்குப் பதில். கடலூர்–சிதம்பரம் சாலையில் ஓ.டி. தாண்டித் தெற்கே வந்தால், கிழக்கே உப்பனாறு, அதற்கும் கிழக்கே மணல்மேடு, கடல். இந்தப் பக்கம் பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம். மல்லாட்டை, கேழ்வரகு, கம்பு, வரப்பில் பனை, மேட்டில் முந்திரி, மணலில் சவுக்கு. (வெளியூர் மருமகள்களுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடைக்காரரிடம் வேர்க்கடலை என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்த காலம் அது.) தண்ணீருக்கு ஆழம் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் ஐப்பசி மாதம் குனிந்து சொம்பில் மொள்ளலாம். உப்பனாற்றில் இறால், நண்டு, மடவை, உளுவை. வலை இல்லாதவர்கள்கூட ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக் குழம்புக்குக் கொண்டுவருவார்கள்.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மழை தவறினால் கஞ்சிதான். என் அப்பா கடன் வாங்கி மாடு வாங்கியவர். காலனியில் இருந்தவர்கள் நிலைமை அதைவிட மோசம். கூலி என்று காசாகக் கொடுத்ததே குறைவு. மல்லாட்டை பிடுங்கினால் மல்லாட்டையிலேயே பங்கு. ஆனால் அந்தப் பங்கு இருந்தது. ஆற்று இறால் யாருக்கும் பட்டா போட்டுத் தரப்படவில்லை. அறுவடை முடிந்த கொல்லையில் ஆடு மேய்க்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அரசாங்கக் கணக்கில் இந்த முழு வாழ்க்கைக்கும் ஒரே சொல்: புன்செய்.

நம் மண்ணை வெளியார் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்வது சிப்காட்டோடு தொடங்கிய கதை அல்ல. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் பின்னாளில் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற பேச்சு வந்தபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் என்று முடிவு செய்தார்கள். நாலு திசையிலும் பீரங்கி சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லை. அந்த வளையத்துக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அன்று வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன் வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்திருப்பான். தன் கொல்லை யாருக்கோ போய்விட்டது என்று அவனுக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்தது ரயில். சென்னையிலிருந்து தெற்கே வரும் பாதை 1870களில் நம் பக்கம் போடப்பட்டது. ரயிலுக்கு நிலம் வேண்டும் என்பதாலேயே அந்த நூற்றாண்டில் வெள்ளைக்காரன் நில எடுப்புச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திக்கொண்டே வந்தான். கடைசியில் வந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். அது 2013 வரை இருந்தது. சுதந்திரம் வந்து 66 வருஷம் அதே சட்டம்! நெய்வேலிக்கும் அதுதான், அணைகளுக்கும் அதுதான், நம் சிப்காட்டுக்கும் அதுதான்.

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம் என்கிற சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டுபோவது என்பது நோக்கம். தென்னாற்காடு மாவட்டம் பின்தங்கிய பகுதி. அதில் பொய் இல்லை. மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததே 1993இல்தான். அதுவரை திண்டிவனத்திலிருந்து சிதம்பரம் வரை ஒரே கலெக்டர். 1980களின் தொடக்கத்தில் நம் பகுதியில் முதற்கட்டமாக ஏறத்தாழ 500 ஏக்கர் எடுத்தார்கள்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் அரசாங்கக் காகிதத்தைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர். அதில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். தலையாரி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போவார். வாங்கியவர்கள் நேரே என் திண்ணைக்கு வருவார்கள். சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம் என்று நான் கம்பீரமாக வாசிப்பேன். வாசித்து முடித்ததும் கேட்பார்கள்: "என்னப்பா பண்ணலாம்?"

"குடுத்துடுங்க. ஃபேக்டரி வந்தா நம்ம புள்ளைங்களுக்கு வேலை" என்று சொன்னேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானே நம்பினேன். பயிற்சிப் பள்ளியில் ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் நான்.

என் அத்தைக்கு ஒரு காணி இருந்தது. நம் பக்கத்துக் காணி என்பது 1 ஏக்கர் 32 சென்ட். மாமா இறந்த பிறகு அத்தை அதை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்தார். நோட்டீஸை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். நான் வாசித்தேன். "நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதாம்ப்பா" என்றார். அவார்டு போட்டுப் பணம் கொடுத்த அன்று அத்தையைக் கைப்பிடித்து அழைத்துப்போனதும் நான்தான். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். வரும் வழியில் எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து, ஒரு வக்கீல் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் நான் செய்தது என்ன என்று விளங்கியது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசு சொல்லும் தொகை போதாது என்றால் கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. பதினெட்டாவது பிரிவு. ஆனால் அதற்கு ஒரு பூட்டு. பணம் வாங்கும்போது "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடாமல் வாங்கினால், தொகையில் திருப்தி என்று அர்த்தம். அந்தப் பிரிவின்படி கேட்கும் உரிமை அங்கேயே போயிற்று. இரண்டு வார்த்தை. எழுதத் தெரிந்தவன் அத்தையின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தொகை ஏன் குறைவாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து நிலங்கள் என்ன விலைக்குப் பத்திரமாகியிருக்கிறது என்று பார்த்து மதிப்புப் போடுவார்கள். நம் ஜனங்கள் முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க, வாங்கிய விலையில் பாதியைத்தான் பத்திரத்தில் எழுதுவார்கள். அந்தப் பாதி விலையே நாளைக்கு நம் நிலத்துக்கும் விலை ஆகிவிடும் என்று யாருக்குத் தெரியும்? மதிப்புக்கு மேல், கட்டாயமாக எடுப்பதால் ஆறுதல் தொகை என்று நூற்றுக்கு 15 சேர்ப்பார்கள். 1984இல் சட்டத்தைத் திருத்தி அதை 30 ஆக்கினார்கள். அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். ஒரே அறிவிப்பில் நிலம் போன ஒருவர் கோர்ட்டில் கூடுதல் தொகை வாங்கினால், கோர்ட்டுக்குப் போகாத மற்றவர்களும் அதே கணக்கில் கேட்கலாம். தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். திருத்தம் வந்தபோது நான் வேலையில் சேர்ந்துவிட்டேன், மாதச் சம்பளக்காரன். அரசிதழ் எங்கே, எங்கள் திண்ணை எங்கே. எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவின்படி மனுக் கொடுத்ததாக நான் ஒருவரையும் சந்தித்ததில்லை.

அத்தைக்காவது கொஞ்சம் பணம் வந்தது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. மீதி அந்தக் காலத்துச் சீட்டு ஒன்றில் போயிற்று. அத்தையின் கொல்லையில் வருஷா வருஷம் மல்லாட்டை பிடுங்கிய ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கு? ஆடு மேய்த்த பெரியவருக்கு? பனை ஏறியவருக்கு? உப்பனாற்றில் வலை போட்டவருக்கு? சட்டத்தில் "பாத்தியதை உள்ளவர்" என்றால் இழப்பீட்டில் பங்கு கேட்க நிலத்தில் உரிமை காட்டக்கூடியவர். நிலத்தில் உரிமை காட்ட முடியாதவர், அந்த நிலத்தால் சாப்பிட்டாலும், கணக்கில் இல்லை. அவார்டு நகலை நான் பார்த்திருக்கிறேன். சர்வே எண் போடக் கட்டம் உண்டு, மரங்களுக்குக் கட்டம் உண்டு, கிணற்றுக்கு உண்டு. பனைமரத்துக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புப் போட்டிருந்தது. அதில் ஏறியவருக்குக் கட்டம் இல்லை. அவர்கள் யாரும் என் திண்ணைக்கு வரவில்லை என்பதையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு நோட்டீஸே வரவில்லையே, எதை எடுத்துக்கொண்டு வருவார்கள்?

பிறகு ஆலைகள் வந்தன. மருந்து, பூச்சிமருந்து, சாயம், இன்னும் பல ரசாயனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் மாநிலத்தில் 1982இல்தான் பிறந்தது. வாரியமும் நம் சிப்காட்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுக் குழந்தைகள். ஆலை வருமுன் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி 1997இல் வந்தது. அதற்குள் இங்கே பாதிக்கதை முடிந்துவிட்டது.

நான் வேலையில் சேர்ந்த வருஷம் டிசம்பரில் போபால். ரேடியோவில் கேட்டு, அடுத்த நாள் பேப்பரை வகுப்புக்கு எடுத்துப்போனேன். "சார், நம்ம ஊர்லயும் மருந்து கம்பெனி வருதே சார்" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "அது வேற, இது வேற" என்றேன். அந்த வயதுப் பிள்ளைகள் நம் பதிலை ஒத்துக்கொள்வது பதில் சரியாக இருப்பதால் இல்லை, கையில் பிரம்பு இருப்பதால்.

வாசனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அழுகிய முட்டை வாசனை ஒரு நாள், முட்டைக்கோஸ் வெந்த வாசனை ஒரு நாள், நெயில் பாலிஷ் வாசனை ஒரு நாள். ஜன்னலைச் சாத்து என்பேன், ஒப்பித்தல் தொடரும். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் சோறு மஞ்சளானது, பிறகு குடிக்க முடியாமல் போயிற்று. சொம்பில் மொண்டு குடித்த ஊரில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றார்கள். ஆலைக் கழிவு நெடுநாள் உப்பனாற்றில் போயிற்று. பின்னாளில் குழாய் பதித்துக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். ஆற்றில் மீன் செத்து ஒதுங்கிய நாட்களில் சங்கொலிக்குப்பத்து மீன்காரப் பெண்களிடம் கடலூர் மார்க்கெட்டில் யாரும் மீன் வாங்குவதில்லை. அது எந்த ஆற்று மீன் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மீன் கிடைக்காத நஷ்டம் ஒரு பக்கம், கிடைத்த மீனுக்கும் கெட்ட பெயர்.

இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள் அல்ல. 1998இல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் வந்து ஊர் ஊராக விசாரித்தது. பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். 2004இல் ஊர்க்காரர்களே காற்றைப் பிடிக்கத் தொடங்கினார்கள். உண்மையாகவே பிடித்தார்கள், வாளியில். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு விசேஷப் பை. வாளியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் வந்து நிறையும். அதைக் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் 1990களில் கையாண்ட முறை அது. இங்கே எட்டாம் வகுப்புப் படித்தவர்கள், படிக்காதவர்கள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன வாசனை, கண் எரிந்ததா, தொண்டை எரிந்ததா என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். அவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து என்னிடம் அடி வாங்கியவர்கள்! ஆய்வில் இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அவற்றில் இருந்தன. அந்த வருஷமே உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு நேரில் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நாக்பூரில் உள்ள நீரி என்னும் மத்திய அரசு ஆய்வு நிறுவனம் நம் காற்றைப் பரிசோதித்தது. இங்கே உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று அந்த அறிக்கையைப் பற்றிச் செய்தி வந்தது. அந்த எண்ணைப் பலர் பலவிதமாகப் பரப்புகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 2,000 பேருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. காற்றில் உள்ள நச்சின் அளவை வைத்து, இதை ஆயுள் முழுக்கச் சுவாசித்தால் ஆபத்து எவ்வளவு கூடும் என்று போட்ட கணக்கு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மார்க் போட்டது. 70க்கு மேல் வாங்கினால் மிக மோசம். கடலூருக்கு 77.45. ஆயுள் முழுக்க மார்க் போட்டவன் நான். அதிக மார்க் வாங்கியதற்காக ஊர் அழுத ஒரே பரீட்சை அதுதான்.

வேலை கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. படித்த என் மாணவர்கள் சிலர் ஃபிட்டராக, ஆபரேட்டராக நிரந்தரம் ஆனார்கள். மாடி வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். இந்தப் பதிவைப் படிக்கும் உங்களிலேயே பலர் அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளில் நான் அறிந்த பெரும்பாலோர் போனது கான்ட்ராக்ட் வேலைக்கு. மூட்டை தூக்குவது, டிரம் கழுவுவது, தொட்டி சுத்தம் செய்வது. பத்து வருஷம் உழைத்தாலும் ஆலையின் பதிவேட்டில் பெயர் இருக்காது, கான்ட்ராக்டர் நோட்டில்தான் இருக்கும். 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலையில் விபத்து நடந்து நான்கு பேர் இறந்தபோது, ஆலை வாசலில் நின்ற கூட்டம் பூராவும் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் சாயத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. கேட்டில் விபத்து நடந்தது அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில்.

நிலம் தப்பியவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. முந்திரித் தோப்பை நம்பியிருந்தவர்களை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஒரே காலையில் கீழே தள்ளிவிட்டது. இயற்கை செய்ததற்கு யாரைக் கேட்பது? ஆனால் புயலுக்குப் பிறகு மரத்துக்குப் பதில் கன்று நட்டவர்களும் உண்டு. கான்கிரீட் போட்ட கொல்லையில் நட முடியாது.

நெய்வேலிச் சொந்தங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் கதையும் இதன் அக்கா கதைதான். 1956இல் நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடே அந்த வெளிச்சத்தில் படித்தது, நானும் படித்தேன். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, கதிர் வரும் நேரத்தில் இருந்த நெல்வயலில் மண் வாரும் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்தீர்கள். நிறுவனத்தின் பக்கம் காகிதம் இருந்தது, 2006 முதல் 2013 வரை நிலத்தை எடுத்துப் பணம் கொடுத்தாகிவிட்டது என்று. விவசாயியின் பக்கம் பயிர் இருந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் பயிருக்கென்று ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தக் காட்சியைப் பார்த்து என் வீட்டுக்காரம்மா டிவியை அணைத்துவிட்டார். "பச்சைப் பயிரு மேல எப்படிங்க ஏத்த மனசு வருது?" என்றார்.

2013இல் பாராளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நான் இதை நூலகத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன், ஓய்வுபெறச் சில வருஷம் இருந்தபோது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நிலம் உள்ளவர் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர், ஆற்றை நம்பிய மீனவர், படகோட்டி என்று வரிசையாக வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூலகர் என்ன சார் என்று கேட்டார். மல்லாட்டை பிடுங்கிய பெண்களுக்கும் வலை போட்டவருக்கும் சட்டத்தில் கட்டம் போட முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சந்தோஷமும் முழுசாக இல்லை. நிலம் எடுக்குமுன் ஊரின் வாழ்வுக்கு என்ன ஆகும் என்று ஆராய வேண்டும், தனியாருக்கு என்றால் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்று புதுச் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதையும் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்குக் கேட்டு வாங்கினார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த வருஷமே சட்டமன்றத்தில் மறுபடி சட்டம் போட்டார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சி என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டை போட வேண்டாம். இந்த நாற்பது வருஷத்தில் இரண்டு பேரும் மாறி மாறி வந்திருக்கிறார்கள்.

மறுபடியும் அந்த கேட்டுக்கு வருகிறேன். விபத்துக்குப் பிறகுதான் இன்டர்லாக் என்ற சொல்லை எல்லோரும் பேசினார்கள். கேட்டை மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும் என்கிற ஏற்பாடு. விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட்டுக்கு அது இருக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கேட்கீப்பருக்கும் நடுவே போன் பேச்சுதான் இருந்தது. எந்த கேட்டுக்கு இன்டர்லாக் என்பதை ஒரு பெருக்கல் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை அந்த வழியாகக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 20,000 வந்தால்தான் என்றிருந்தது. விபத்து நடந்த சில நாளில் அதை 10,000 ஆகக் குறைத்தார்கள். நடந்து கடக்கிறவர்கள் அந்தப் பெருக்கலில் வருவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடக்கும் பிள்ளைகளும், புல்லுக்கட்டோடு கடக்கும் பெண்களும் எந்தக் கட்டத்திலும் இல்லை. இந்தக் கணக்கைப் படித்த இரவுதான் அத்தையின் நோட்டீஸ் என் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தை 2006இல் காலமானார். கடைசி வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நிலம் இருந்த இடத்தின் வழியாக பஸ்ஸில் போகும்போது மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார். "அங்கதான் நம்ம கெணறு" என்று ஒரு தடவை மகளிடம் சொன்னாராம். மதிற்சுவர் தவிர வேறு எதுவும் தெரியாத இடம் அது.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அந்தக் காலத்து நோட்டீஸ், அவார்டு நகல், பணம் வாங்கிய ரசீது, பழைய பட்டா ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். தெளிவாக வெளிச்சத்தில் வைத்து எடுங்கள், நான்கு மூலையும் தெரியட்டும். காகிதம் எதுவும் இல்லாத வீடுகள்தான் எனக்கு இன்னும் முக்கியம். உங்கள் ஆயா யார் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கினார், உங்கள் தாத்தா உப்பனாற்றில் எந்தத் துறையில் வலை போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நான் ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஊர்வாரியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அத்தை பெயரை எழுதிவிட்டேன். அவர் கொல்லையில் வேலை செய்த பெண்களில் மூன்று பேரின் பெயர்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், மல்லாட்டை அவித்து வைக்கச் சொல்கிறேன்.